இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் வேலைக்கு வீட்டிலிருந்தே தயாராவது: ஒரு பில் கவுண்டரை வைத்துக் கற்கும் வழி

வங்கியில் புதிதாகச் சேர்ந்த கிளார்க், மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என்று எல்லோருக்கும் இன்று கம்ப்யூட்டரிலோ போனிலோ பயிற்சி வருகிறது. அந்தப் பயிற்சியில் எது இருக்க வேண்டும், எது கூடாது, எந்த வரிசையில் வர வேண்டும், கற்றவருக்கு வேலை வருகிறதா என்பதை எப்படிச் சோதிப்பது என்று திட்டமிட்டு எழுதுபவர்தான் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர். துறைக்குள் சுருக்கமாக ‘ஐடி’ என்பார்கள். வீட்டில் அப்படிச் சொன்னால் சாஃப்ட்வேர் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள், முழுப் பெயரையே சொல்லிவிடுங்கள்.

சென்னை, பெங்களூரு, புனே, மும்பை ஊர்களில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்த வேலையைச் செய்துகொடுக்கும் கம்பெனிகள் நிறைய உண்டு. ஆசிரியர்கள், டெக்னிக்கல் ரைட்டர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், எச்.ஆர். பயிற்சியாளர்கள் ஆகியோர்தான் பெரும்பாலும் இதற்குள் வருகிறார்கள். தனிப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் வாடிக்கையாளர் வெளிநாட்டவராக இருப்பதால் தெளிவான ஆங்கில எழுத்து இல்லாமல் முதல் வேலை கிடைப்பது கடினம். இதை மழுப்பிப் பயனில்லை.

ஆன்லைனில் கற்பவர்கள் பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ஸ்டோரிலைன் என்ற பாடம் உருவாக்கும் மென்பொருள் வகுப்பில் பணம் கட்டிச் சேர்கிறார்கள். மூன்று மாதம் கழித்து பட்டனைக் குதிக்க வைக்கத் தெரியும், ஆனால் ஒரு உருப்படியான கேள்வி எழுத வராது. மென்பொருளை மூன்று நான்கு வாரத்தில் பிடித்துவிடலாம். கேள்வி எழுதும் கைதான் மெதுவாக வரும். அதனால் கேள்வியை முதலிலும் ஸ்லைடைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 16 வாரம் போதும்: 4 வாரம் அடிப்படை, 5 வாரம் எழுத்து, 4 வாரம் கருவி, மிச்சம் 3 வாரம் போர்ட்ஃபோலியோ (வேலை தருபவருக்குக் காட்டும் மாதிரித் தொகுப்பு).

முதல் நான்கு வாரம்

படிக்க வேண்டிய கோட்பாடு அவ்வளவு அதிகமில்லை. ‘ஆடி’ என்று சொல்லப்படும் ஐந்து படி முறை (பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு) 1975இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவானது. எந்த இன்டர்வியூவிலும் இதைக் கேட்பார்கள். நடைமுறையில் கம்பெனிக்குள் உங்கள் கைக்கு வருவது இரண்டாம் படியும் மூன்றாம் படியில் பாதியும்தான். முதல் படியை வாடிக்கையாளர் செய்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், அவரும் செய்திருக்க மாட்டார். பயிற்சிகள் வீணாகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

ப்ளூமின் கற்றல் நிலைகள் 1956இல் வந்தன, 2001இல் திருத்தப்பட்டன: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். ராபர்ட் மேகர் 1962இல் சொன்ன நோக்க வாக்கியத்துக்கு மூன்று உறுப்புகள்: எந்தச் சூழலில், என்ன செய்வார், எவ்வளவு சரியாக. இந்த மூன்றையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பாடம் நடத்துவதற்குக் காக்னே சொன்ன ஒன்பது படிகளை எழுதி முடித்த பாடத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாடத்திலும் ஒன்பதையும் திணித்தால் ஐந்து நிமிடப் பாடம் இருபது நிமிடமாகிவிடும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு மட்டங்கள் (பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, பலன் வந்ததா) பேச்சில் எப்போதும் அடிபடும். அளப்பது என்னவோ முதல் இரண்டோடு நின்றுவிடும்.

நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைத் தாண்டிவிட்டு ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கொள்கைகளைப் படியுங்கள், தினமும் கை கொடுப்பவை அவை. உதாரணமாக, படம் ஓட, குரலும் பேச, அதே வாக்கியங்கள் திரையிலும் முழுசாக நின்றால் கற்பவர் கண் படத்தை விட்டு எழுத்துக்குப் போய்விடும். குரல் இருந்தால் திரையில் மூன்று நான்கு சொல் போதும். காது கேளாதவர்களுக்காக வசன வரிகளை வேண்டும்போது திறக்கும் பட்டனாக வையுங்கள்.

கூடவே இரண்டு பொய்களையும் கண்டுகொள்ளுங்கள். ‘படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம் நினைவில் நிற்கும்’ என்று ஒரு பிரமிடு படம் சுற்றுகிறது. அதற்கு மூலமாகச் சொல்லப்படும் எட்கர் டேலின் 1946ஆம் ஆண்டுக் கூம்பில் எந்தச் சதவீதமும் கிடையாது. ‘சிலர் பார்த்துக் கற்பவர், சிலர் கேட்டுக் கற்பவர்’ என்ற கற்றல் பாணிக் கதைக்கும் போதிய ஆதாரமில்லை என்று 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினரின் ஆய்வு மதிப்பீடு சொல்லிவிட்டது. இந்த இரண்டில் ஒன்று உங்கள் போர்ட்ஃபோலியோவில் இருந்தால் விஷயம் தெரிந்த மேலாளர் அங்கேயே மூடிவிடுவார்.

வகுப்பாகவே எடுக்க வேண்டுமானால் கோர்செராவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் அடிப்படைப் பாடம் இருக்கிறது. இந்தியாவில் ஐஐடி பம்பாயின் கல்வித் தொழில்நுட்பக் குழு உருவாக்கிய, கற்பவரை மையமாக வைத்த ஆன்லைன் பாட வடிவமைப்பு முறையையும் பாருங்கள். வீடியோவுக்கு நடுவே நிறுத்தி யோசிக்க வைக்கும் இடங்களை எங்கே வைப்பது என்பதை அதில் நன்றாகக் காட்டுகிறார்கள். அரசின் ஸ்வயம் தளத்தில் அந்த வகைப் பாடம் எப்போது திறக்கிறது என்று பருவத் தொடக்கத்தில் பாருங்கள். ஒரு பாடம் போதும், மூன்று சான்றிதழ் சேர்ப்பதால் மூன்று மடங்கு மதிப்பு வராது. ஒவ்வொரு வாரப் பாடத்துக்கும் பிறகு கையில் ஒரு எழுத்துத் துண்டு மிஞ்ச வேண்டும்: இரண்டு நோக்க வாக்கியம், ஐந்து கேள்வி, ஒரு பக்க ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு திரையிலும் என்ன வரும் என்ற எழுத்துத் திட்டம்), இப்படி.

கவுண்டரில் என்ன சிக்கல்?

பயிற்சிக்கு ஒரு நிஜச் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தலைமைப் பண்பு’, ‘நேர மேலாண்மை’ போன்ற பொதுத் தலைப்புகள் வேண்டாம், யார் செய்தாலும் ஒரே மாதிரி வரும். தெரு முனை ஜவுளிக் கடையை வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லித் தன் போனில் பச்சை டிக் காட்டுகிறார். காசாளர் துணியைக் கொடுத்துவிடுகிறார். ராத்திரி கணக்குப் பார்த்தால் பணம் வரவில்லை, காட்டியது பழைய ஸ்கிரீன்ஷாட் அல்லது போலிச் செயலி. முதலாளி சொல்கிறார்: “பசங்களுக்கு ஒரு டிரெய்னிங் போட்டுக் கொடுங்க.”

உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. முதலில் மூன்று விஷயம் பிரித்துப் பார்க்க வேண்டும். காசாளருக்குத் தெரியவில்லையா? தெரிந்தும் செய்ய முடியவில்லையா? செய்ய முடிந்தும் செய்யாமல் விடுகிறாரா? கடையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். சவுண்ட் பாக்ஸ் ஃபேனுக்கும் பாட்டுக்கும் நடுவே கேட்கவில்லை. வணிகர் செயலி முதலாளி போனில் மட்டும் இருக்கிறது, அவர் மதியம் சாப்பிடப் போனால் சரிபார்க்க வழியே இல்லை. இவற்றுக்குப் பயிற்சி மருந்தல்ல. சவுண்ட் பாக்ஸைக் காசாளர் கைப்பக்கம் நகர்த்த வேண்டும், கவுண்டருக்கென ஒரு போன் வைக்க வேண்டும். இதை முதலாளியிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதும் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் வேலைதான்.

அதைச் சரிசெய்த பிறகும் மிஞ்சுவது எது? கூட்ட நேரத்தில் அவசரப்படுத்தும் வாடிக்கையாளரிடம், அவமானப்படுத்தாமல், ‘பொறுங்கள்’ என்று சொல்லும் திறமை. பயிற்சி அதற்கு மட்டும். யுபிஐ 2016இல் வந்தது, அதன் விரிவாக்கம் என்ன, எந்தெந்த வங்கிகள் சேர்ந்துள்ளன என்ற பத்து ஸ்லைடுகள் இங்கேயே உதிர்ந்துவிட்டன.

நோக்க வாக்கியம் இப்படி வரும்: ‘கவுண்டரில் வரிசை நிற்கும்போது வாடிக்கையாளர் தன் போன் திரையைக் காட்டினால், அதே தொகை கடையின் சவுண்ட் பாக்ஸிலோ வணிகர் செயலியிலோ வந்ததை உறுதிசெய்த பிறகே பொருளைக் கொடுப்பார், ஒவ்வொரு முறையும்.’ ‘யுபிஐ மோசடிகளைப் பற்றிப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால் அதை எப்படிச் சோதிப்பீர்கள்? ‘புரிந்துகொள்வார்’, ‘அறிவார்’, ‘விழிப்புணர்வு பெறுவார்’ மூன்றையும் உங்கள் ஏட்டிலிருந்தே அடித்துவிடுங்கள். கண்ணால் பார்க்கக்கூடிய வினைச்சொல்தான் வேண்டும்.

விஷயம் தெரிந்தவரை ‘எஸ்எம்இ’ என்பார்கள், நம் கதையில் அவர் முதலாளி. அவரிடம் ‘காசாளருக்கு என்னவெல்லாம் தெரிய வேண்டும்?’ என்று கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவார், எண்பது ஸ்லைடு பவர்பாயின்ட் அனுப்புவார். ‘கடைசியாக ஏமாந்தபோது என்ன நடந்தது? வந்தவர் என்ன சொன்னார்? உங்கள் ஆள் என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலில் பாதி ஸ்டோரிபோர்டு தயார். அவர் சேர்க்கச் சொல்லும் ஒவ்வொரு தகவலுக்கும் ‘இது தெரியாவிட்டால் கவுண்டரில் என்ன தப்பு செய்வார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அது பாடத்துக்குள் வராது. மனம் நோகாமல் ‘கூடுதல் வாசிப்பு’ என்று ஒரு பிடிஎஃப்பில் போட்டுவிடலாம்.

கேள்வி எழுதுவது

‘பணம் வந்ததை எங்கே சரிபார்க்க வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், கடையில் போய் ஏமாறுவார்கள். கேள்வி கவுண்டரிலேயே நடக்க வேண்டும்:

மாலை ஏழு மணி. வரிசையில் ஐந்து பேர். பில் 1,840 ரூபாய். வாடிக்கையாளர் போனை நீட்டுகிறார்: “போயிடுச்சு பாருங்கண்ணா, பச்சை டிக் வந்திருக்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு.” சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. என்ன செய்வீர்கள்?

அ. “சரிங்க, எடுத்துக்கங்க” என்று பையைக் கொடுத்துவிட்டு அடுத்த பில்லுக்குப் போவேன்.
ஆ. அவர் போன் திரையை என் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு பையைக் கொடுப்பேன்.
இ. “ஒரு நிமிஷங்க, எங்க பக்கம் வந்துடுச்சான்னு பாத்துடறேன்” என்று செயலியைத் திறப்பேன்.
ஈ. “இப்படிக் காட்டி ஏமாத்துறவங்க நிறையப் பேருங்க” என்று சொல்லிப் பையை எடுத்து வைப்பேன்.

இதில் உயிர் ‘ஆ’. கவனமாக நடந்துகொண்டது போலவே தோன்றும், நிஜக் காசாளர்கள் செய்வதும் அதைத்தான். போலித் திரையைப் படமெடுத்தால் கையில் இருப்பது போலியின் படம். தவறான விடைகள் இப்படி ஆசை காட்ட வேண்டும். ‘வாடிக்கையாளரோடு சண்டை போடுவேன்’ போன்ற விடையை யாரும் தொடமாட்டார்கள், நான்கு மூன்றாகச் சுருங்கிவிடும்.

பின்னூட்டத்தில் ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று எழுதுவது சோம்பேறித்தனம். விளைவைக் காட்டுங்கள். அ: ராத்திரி கணக்கில் 1,840 குறைகிறது. ஈ: இந்த முறை அவர் நிஜமாகவே அனுப்பியிருக்கிறார், நாற்பது நொடி கழித்து சவுண்ட் பாக்ஸ் ‘ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்’ என்கிறது, வாடிக்கையாளர் முகம் சிவக்கிறது, இனி அவர் வரமாட்டார். விளக்கம் அதற்குப் பிறகு ஒரே வரியில்.

கேள்வியில் வழக்கமாக வரும் ஓட்டைகள்: சரியான விடை மட்டும் நீளமாக இருப்பது (ஏஐ எழுதித் தரும் கேள்விகளிலும் இதை அடிக்கடி பார்க்கலாம்), ‘மேற்கூறிய அனைத்தும்’, கேள்வியில் ‘அல்லாதது எது’ என்ற திருகல். தமிழுக்கென்று ஒரு ஓட்டை தனியாக இருக்கிறது. வினைமுற்றும் ‘அவர், அது’ விகுதிகளும் விடையைக் காட்டிக்கொடுக்கும். ‘முதலில் தகவல் சொல்லப்பட வேண்டியவர்’ என்று கேட்டு விடைகளில் ஒரு ஆளும் மூன்று கருவிகளும் வைத்தால் பாடமே படிக்காமல் பதில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு விடையையும் கேள்வி வாக்கியத்தோடு சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள், இடறும் இடம் தெரிந்துவிடும்.

ஐந்து வாரத்தில் இது போல நாற்பது கேள்வி எழுதுங்கள். முப்பதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

ஸ்டோரிபோர்டு

வேர்டில் அட்டவணை போதும். ஒரு திரைக்கு ஒரு வரிசை. பத்திகள்: திரை எண், திரையில் தெரியும் எழுத்து, படம் பற்றிய குறிப்பு, குரல், கற்பவர் செய்வது, அதற்கு நடப்பது, உருவாக்குபவருக்குக் குறிப்பு. கிராஃபிக் டிசைனரும் டெவலப்பரும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்து முடிக்க வேண்டும், அதுதான் அளவுகோல். ‘பொருத்தமான படம்’ என்று எழுதினால் கோட் சூட் போட்டு கை குலுக்கும் படம் வந்து நிற்கும். ‘ஜவுளிக் கடை கவுண்டர், காசாளர் பக்கத்திலிருந்து பார்ப்பது போல, வலது ஓரத்தில் சவுண்ட் பாக்ஸ், பின்னால் வரிசை’ என்று எழுதுங்கள்.

முதல் மாதிரியை பவர்பாயின்ட்டிலேயே ஹைப்பர்லிங்க் போட்டுச் செய்துவிடலாம், அழகு வேண்டாம். மூன்று பேரிடம் கொடுத்துப் பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். ‘இங்கே அழுத்துங்க’ என்று நீங்கள் சொல்லத் துடிக்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம்.

கருவி: கடிகாரம் எப்போது தொடங்குகிறது

வேலை விளம்பரங்களில் அதிகம் கேட்பது ஆர்ட்டிகுலேட்டின் ஸ்டோரிலைன், ரைஸ் இரண்டையும். விலை கூடுதல், இலவச சோதனைக் காலமோ சில வாரங்கள்தான். ஸ்டோரிபோர்டுகள் எல்லாம் முடிந்த பிறகே அதைத் தொடங்குங்கள். கற்றுக்கொள்ளலாமே என்று முதல் வாரத்திலேயே இறக்கியவர்களுக்குப் போர்ட்ஃபோலியோ செய்யும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். ஸ்டோரிலைன் விண்டோஸில்தான் ஓடும், ரைஸ் பிரவுசரில். காலம் முடிவதற்கு முன் எல்லாவற்றையும் வெப் வடிவிலும் ஸ்கார்ம் வடிவிலும் (பயிற்சித் தளத்தில் ஏற்றும் வடிவம்) வெளியிட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரிலைனில் முதல் வாரத்தில் நான்கே சொல் போதும்: ட்ரிகர் (எதை அழுத்தினால் எது நடக்கும்), ஸ்டேட் (ஒரு பொருளின் தோற்ற நிலை), லேயர் (ஸ்லைடின் மேல் திறக்கும் அடுக்கு), வேரியபிள் (மாறும் மதிப்பைச் சேமிக்கும் இடம்). நம் கவுண்டர் காட்சியில் நான்கு விடையும் நான்கு பட்டன். ஒவ்வொன்றையும் அழுத்தினால் ஒரு லேயர் திறக்கும். அ, ஆ இரண்டிலும் ‘நஷ்டம்’ என்ற எண் வேரியபிள் 1,840 கூடும். கடைசித் திரையில் மொத்த நஷ்டம் தெரியும். ஸ்லைடு அளவை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். பழைய நான்குக்கு மூன்று அளவில் தொடங்கிவிட்டுப் பாதியில் அகலத் திரைக்கு மாற்றினால் வைத்ததெல்லாம் இடம் பெயரும். ட்ரிகர்கள் மேலிருந்து கீழாக ஓடும். எண்ணைக் கூட்டும் ட்ரிகருக்கு மேலே அடுத்த திரைக்குப் போகும் ட்ரிகர் இருந்தால் கூட்டல் நடக்காமலே போய்விடும். ‘வேரியபிள் வேலை செய்யவில்லை’ என்ற புலம்பலில் பாதி இதுதான்.

பணம் செலவழிக்க விருப்பமில்லையா, எச்5பி என்ற இலவசக் கருவி இருக்கிறது. ‘லூமி’ என்ற இலவச மேசைச் செயலியில் அதே கிளைக் காட்சியைச் செய்து ஸ்கார்மாகவும் எடுக்கலாம். தோற்றத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், சிந்தனையில் ஒன்றும் குறையாது. குரலுக்கு ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருள் போதும். ஃபேனையும் ஏசியையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தி, பேசுவதற்கு முன் ஐந்து நொடி சும்மா பதிவு செய்யுங்கள். அந்த மௌனத்தை வைத்துத்தான் பின்னணி இரைச்சலை நீக்க முடியும்.

தமிழில் செய்யும்போது

தமிழ் பாடம் செய்தால் சில தனித் தொல்லைகள். வாடிக்கையாளர் அனுப்பும் உரை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அப்படியே ஒட்டினால் போனில் குப்பையாகத் தெரியும். மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் பாதுகாப்பான தேர்வு. வரி இடைவெளி ஆங்கிலத்தை விடக் கூடுதலாக, ஒன்றரைக்கு அருகில் வையுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் மேல்விலங்கும் உரசும். இரு ஓரமும் சமமாக்கும் அமைப்பு வேண்டாம், நீளச் சொற்களால் நடுவே பள்ளம் பள்ளமாக விழும். ‘சப்மிட்’ பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காது, ‘அனுப்பு’ அடங்கும். பிளேயரின் மெனு, அடுத்து, முந்தையது எல்லாம் ஆங்கிலத்திலேயே நின்றுவிடும். ஸ்டோரிலைனில் பிளேயர் அமைப்புக்குள் எழுத்துப் பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றாக மாற்றிச் சேமித்துக்கொள்ளலாம்.

குரல் நேரத்தைக் கணக்கிட ஆங்கிலத்துக்குச் சொல்லும் நிமிடத்துக்கு 130–150 சொல் என்ற கணக்கு தமிழுக்கு ஒத்துவராது, நம் சொற்கள் நீளம். ஒரு பக்கத்தை நீங்களே வாசித்துப் பதிவு செய்து அந்த வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். உரையாடல் பேச்சுத் தமிழில் வரட்டும், விளக்கம் எளிய எழுத்துத் தமிழில். மதுரைக் கடைப் பையன் ‘தாங்கள் காத்திருக்கவும்’ என்று பேசினால் கற்பவர் சிரித்துவிடுவார், பாடம் அத்தோடு போச்சு.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது வெப் அணுகல் தரம். வெளிர் சாம்பலில் எழுதும் மோகத்தை விடுங்கள். மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் பாடத்தை முடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்கார்ம் சோதனை

பாடம் எல்எம்எஸ்ஸோடு (யார் எதை முடித்தார் என்று பதிவு வைக்கும் பயிற்சித் தளம்) பேசும் மொழி ஸ்கார்ம். ‘ரஸ்டிசி’யின் ஸ்கார்ம் கிளவுடில் இலவசக் கணக்கு திறந்து அங்கே ஏற்றிப் பாருங்கள், மூடில் என்ற எல்எம்எஸ்ஸின் சோதனைத் தளத்திலும் பார்க்கலாம் (அது மணிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் அழித்துவிடும்). வரும் கோளாறுகள் பெரும்பாலும் இவைதான்.

ஏற்றவே மாட்டேன் என்றால், ஸிப்பை விரித்து, உள்ளே ஒரு ஃபோல்டரை வைத்துத் திரும்ப ஸிப் செய்திருப்பீர்கள். பாடத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலான ஐஎம்எஸ் மேனிஃபெஸ்ட் கோப்பு ஸிப்பின் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். ஃபோல்டரை அல்ல, உள்ளிருக்கும் கோப்புகளைத் தேர்ந்து ஸிப் செய்யுங்கள்.

முடித்தவருக்கும் ‘முடிக்கவில்லை’ என்று காட்டினால், வெளியிடும்போது எதை முடிவாகக் கொள்வது என்ற அமைப்பைப் பாருங்கள். வினாத் தேர்ச்சி என்று வைத்து, அந்த வினாவுக்குப் போகாமலே வெளியேற வழி இருந்தால் அப்படித்தான் காட்டும். ஸ்கார்ம் 1.2இல் ‘முடித்தார்’, ‘தேர்ந்தார்’ இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். ஸ்கார்ம் 2004இல் தனித்தனி. கற்பவர் ஜன்னலைப் பட்டென்று மூடினாலும் பதிவு விடுபடலாம் என்பதால் கடைசித் திரையில் ‘வெளியேறு’ பட்டன் வையுங்கள்.

விட்ட இடத்தில் தொடராமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், ஸ்கார்ம் 1.2இல் நிலையைச் சேமிக்கும் இடம் 4,096 எழுத்து மட்டுமே என்பதை நினையுங்கள். ஐம்பது கேள்வியும் நூறு வேரியபிளும் உள்ள பாடம் அதைத் தாண்டும். பாடத்தைப் பிரிக்கலாம், அல்லது 64,000 எழுத்து இடம் தரும் ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்புக்குப் போகலாம். எந்தப் பதிப்பு எல்எம்எஸ்ஸுக்கு ஒத்துவரும் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோவும் டெஸ்ட்டும்

மூன்று போதும். ஒன்று இந்தக் கவுண்டர் காட்சி, ஆறு நிமிடத்துக்கு மேல் போகாமல். இரண்டாவது ஒரு சாஃப்ட்வேர் பயிற்சி: திரையைப் பதிவு செய்து ‘பார், முயன்று பார், தேர்வு எழுது’ என்ற மூன்று நிலையில். மூன்றாவது பாடமே அல்ல, கவுண்டரில் ஒட்டிவைக்கும் ஒரு பக்கத் தாள். எல்லாவற்றுக்கும் மாட்யூல் தேவையில்லை என்று தெரிந்த ஆள் இவர் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும். ஒவ்வொன்றோடும் அரைப் பக்கக் குறிப்பு: சிக்கல் என்ன, எதை விட்டுவிட்டீர்கள், ஏன், மூன்று பேரிடம் சோதித்ததில் என்ன மாற்றினீர்கள். ஸ்டோரிபோர்டையும் இணையுங்கள். தேர்ந்தெடுப்பவர்கள் பலர் மின்னும் பாடத்தை விட அதைத்தான் நிதானமாகப் படிப்பார்கள். பள்ளி ஆசிரியராக இருந்து, அரசின் பள்ளிக் கல்வித் தளமான திக்‌ஷாவுக்கு உள்ளடக்கம் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய அலுவலகத்தின் ரகசியப் பாடத்தை மட்டும் போடாதீர்கள், திறமையைக் காட்டப் போய் நம்பிக்கையை இழப்பீர்கள்.

கூகுள் டிரைவில் வெப் பக்கம் ஓடும் வசதி 2016லேயே நின்றுவிட்டது. கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். ஸ்டோரிலைன் தரும் முதல் கோப்பின் பெயர் ‘ஸ்டோரி’ என்று தொடங்கும், இணைப்பில் அதையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பாடம் திறக்காது. அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடிய படம் அங்கே காணாமல் போனால் கோப்புப் பெயரைத்தான் முதலில் பாருங்கள்.

விண்ணப்பித்தால் பல கம்பெனிகள் ஒரு டெஸ்ட் தரும்: பத்துப் பன்னிரண்டு பக்க ஆங்கில ஆவணம், ஓரிரு நாள் அவகாசம், ஸ்டோரிபோர்டு வேண்டும். பத்துப் பக்கத்தையும் திரைகளாக வெட்டி அடுக்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. முதல் பக்கத்தில் கற்பவர் யார், நோக்கம் என்ன, எதை விட்டேன் என்று எழுதி, உங்களால் தீர்மானிக்க முடியாதவற்றை ‘எஸ்எம்இயிடம் கேட்க வேண்டியவை’ என்று ஐந்தாறு கேள்வியாகத் தாருங்கள். ஆறேழு திரை, ஒரு நல்ல காட்சிக் கேள்வி போதும். முழு மாட்யூலையே காசில்லாமல் செய்து தரச் சொன்னாலோ, வேலை தருகிறோம், பயிற்சிக் கட்டணம் முதலில் கட்டுங்கள் என்றாலோ நகர்ந்துவிடுங்கள்.

வேலையில் சேர்ந்ததும் ஆல்ஃபா, பீட்டா, கோல்டு என்று மூன்று சுற்றில் வாடிக்கையாளர் கருத்துகள் எக்செல் தாளில் வரும். ஒவ்வொரு வரிசைக்கும் ‘செய்தாயிற்று’, ‘செய்யவில்லை, காரணம் இது’ என்று பதில் எழுதிய பிறகே கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். கோப்புப் பெயரில் சுற்றும் தேதியும் இருக்கட்டும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லாஸ்ட்’ என்று மூன்று கோப்பு கிடந்தால் எது வாடிக்கையாளரிடம் போனது என்று உங்களுக்கே தெரியாது.